மெம்பருக்கு உடம்பு எப்படி?

ஆலங்கொல்லை, கீழ்வேளூர் வழி
பிரமாதீச வருஷம், ஆவணி 12

அன்புள்ள அண்ணிக்கு எல்லையம்மாள் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் இவரும் சுகமாக இருக்கிறோம். நாற்றுப் பறித்துப் பறித்து இவருக்கு விரல் சந்தெல்லாம் சேற்றுப்புண், அது ஒன்றுதான் குறை. அண்ணனுக்குக் கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். வடிந்துவிட்டதா? டெல்லித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ. உடனே பதில் எழுதவும்.

ஊர் சேதி நன்றாக இல்லை அண்ணி. பண்ணை துரைராசு கோர்ட்டில் உத்தரவு வாங்கிவிட்டார். நம் தெரு இருப்பது குடியிருப்பு மனை இல்லையாம், அவருடைய தென்னந்தோப்பாம். தாத்தா காலத்திலிருந்து நாம் தோப்புக்குள் திருட்டுத்தனமாகக் குடியிருக்கிறோமாம். சம்பா அறுப்பு முடிந்ததும் தெருவையே பிரித்துவிடுவேன் என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினார். அதுவரைக்கும் விட்டு வைத்தது இரக்கப்பட்டு இல்லை. அறுக்க ஆள் வேண்டுமே!

குடியிருந்த மனை குடியிருந்தவனுக்கே என்று சட்டம் வந்துவிட்டது, அண்ணனே போன தேர்தலில் மைக்கில் சொன்னார். சட்டம் வந்தது, பட்டாதான் வரவில்லை. அண்ணன் பார்லிமெண்ட் மெம்பர், கலெக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் நடக்காதா? அண்ணன் பிறந்த வீட்டில்தான் நான் இருக்கிறேன் என்பதை ஞாபகப்படுத்தவும்.

ஆற்றுக்கு அக்கரை வேறு தொகுதி இல்லையா, அங்கே எம்.எல்.ஏ. மாரடைப்பில் போய்விட்டார். இடைத்தேர்தல் வருகிறது. கார்கள் போகிற புழுதி இங்கே வரைக்கும் வருகிறது.

ஒன்றியச் செயலாளர் இராஜாங்கம் அண்ணன் கட்சி வேலையாக டெல்லி வருகிறார். நாகப்பட்டினத்திலிருந்து கூடை தூக்கி வரும் நாகம்மாளிடம் நெல் போட்டு வாளைக் கருவாடு வாங்கி, பிஸ்கட் டின்னில் அடைத்து, மூடியைச் சுற்றி மாவுப் பசை தடவி அவரிடம் கொடுத்திருக்கிறேன். அண்ணனுக்கு உயிராயிற்றே.

இப்படிக்கு, உங்கள் பாதம் பார்த்திருக்கும்
எல்லையம்மாள்

---

புதுடெல்லி
14-9-73

எல்லம்மா,

நீயும் உன் வீட்டுக்காரரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். சேற்றுப்புண்ணுக்கு வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடச் சொல்.

டின் வந்தது. சும்மா வரவில்லை, ரயில் பெட்டி முழுக்க இராஜாங்கத்தைத் திட்ட வைத்துவிட்டு வந்தது. உன் அண்ணன் மூடியைத் திறந்து முகத்தையே உள்ளே விட்டார். "நீலா, நம்ம ஊரே வந்துடுச்சு பாரு" என்றார். நான் அதைச் சுட்டதும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பஞ்சாப் எம்.பி.யின் சம்சாரம், எலி ஏதாவது செத்துவிட்டதா என்று கேட்க வந்துவிட்டாள். இவர் பழைய சோற்றை வைத்துக்கொண்டு டின் காலியாகும்வரை ஓயவில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு வால் துண்டு.

அந்தச் சந்தோஷம் அவ்வளவுதான். மறுவாரமே இரண்டு காலும் முழங்கால்வரை வீங்கிவிட்டன. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். கிட்னி பழுதாம். "உப்பு இவருக்கு விஷம் அம்மா. ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் உங்கள் வாசல்படி ஏறக் கூடாது. ஏறினால் நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நீ பாசத்தில் அனுப்பினாய், உன்மேல் தப்பில்லை. இனிமேல் அனுப்பாதே.

தெருவைப் பற்றி அவர் சபையில் கேள்வி கேட்டார். நிலம் மாநில அரசின் பொறுப்பு என்று ஒரே வரியில் உட்காரவைத்துவிட்டார்கள். சென்னைக்கு எழுதினார், பதில் இல்லை. கலெக்டர் மட்டும் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதியிருக்கிறார். நான் வாத்தியாராக இருந்தவள், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் செய்ய மாட்டார்கள். ஆனாலும் இவர் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
நீலாம்பாள்

---

ஆலங்கொல்லை
ஐப்பசி 6

அண்ணிக்கு எல்லையம்மாள் எழுதுவது. அண்ணனுக்கு இப்போது உடம்பு எப்படி இருக்கிறது? நீங்கள் எழுதியதை அடிபம்படியில் வைத்துத் தெருவுக்கே படித்துக் காட்டினேன். உப்பு விஷம் என்றதும் பொம்பளைகள் எல்லாம் வாயில் அடித்துக்கொண்டார்கள். நான் மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறேன்.

அக்கரையில் தேர்தல் முடிந்தது. ஐயோ அண்ணி, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நாங்கள் இந்தக் கரையில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். முதலில் கப்பி ரோடு வந்தது. அப்புறம் லைட்டுக் கம்பம். ராமாயிச் சின்னம்மா தெருவுக்கு மந்திரியே வந்து, சாரம் கட்டின மேடையில் ஒவ்வொரு வீட்டுக்காரியாகக் கூப்பிட்டுப் பட்டாவைக் கையில் கொடுத்தார். அதுவும் துரைராசு பங்காளியின் மனைதான். அங்கேயும் தோப்பு என்றுதான் கோர்ட்டில் சொல்லியிருந்தான். மந்திரி கார் வந்ததும் தோப்பு வீடாகிவிட்டது. சின்னம்மா பரிசலில் வந்து எங்களுக்குப் பட்டாவைக் காட்டினாள். நான் தொட்டுப் பார்த்தேன்.

இராஜாங்கம் அண்ணன் சொல்கிறார்: "பொதுத் தேர்தல்னா ஊர் ஊருக்கும் கேப்பாங்க, யாருக்கும் ஒண்ணும் கெடைக்காது. இது ஒத்தைத் தேர்தல். மொத்த சர்க்காரும் ஒரே வாசல்ல வந்து நிக்கும்." அதைக் கேட்டு நம் காத்தான் பெருமூச்சு விட்டான். "அவங்க மெம்பரு செத்தாரு, அவங்க பொழைச்சாங்க. நம்ம மெம்பரு..." என்று ஆரம்பித்து, நான் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனேன். "எங்கண்ணன் ஒன் வாய்க்கு அரிசி போட்டதெல்லாம் மறந்துபோச்சாடா பாவி" என்று தெரு பூராவும் கேட்கக் கத்தினேன். யாரும் எனக்காகப் பேசவில்லை. காத்தானையும் யாரும் கண்டிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

எல்லையம்மாள்

---

புதுடெல்லி
10-11-73

எல்லம்மா,

உங்கள் எல்லோரையும் மாரியம்மன் காப்பாற்றட்டும். நீ முடிந்து வைத்த காசு வீண்போகவில்லை. உன் அண்ணனுக்கு வீக்கம் வடிந்துவிட்டது! கோதுமைக் கஞ்சியும் அவித்த சுரைக்காயுமாகப் போட்டு ஆளைத் தேற்றியிருக்கிறேன். தினமும் என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார். நேற்று செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தே சபைக்குப் போனார். டாக்டர், இப்படியே உப்பில்லாமல் இருந்தால் பல வருஷம் ஓட்டலாம் என்கிறார். அவரைக் கவனித்த கவனிப்பில் எனக்குப் பிரஷர் வந்து நானும் மாத்திரை விழுங்குகிறேன். அது கிடக்கட்டும்.

காத்தான் சொன்னதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கடிதத்தை அவரே எடுத்துப் படித்துவிட்டார். அரை மணி நேரம் சிரித்தார். "அவன் என்ன தப்பா சொல்லிட்டான்? உசுரோட இருக்கிற மெம்பரை எவன் மதிக்கிறான்?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காத்தான் இங்கே இருந்திருந்தால் அவன் வாயைத் தைத்திருப்பேன்.

தெருவில் எல்லோரிடமும் சொல். அண்ணன் நன்றாக இருக்கிறார், நீண்ட நாள் இருப்பார்.

நீலாம்பாள்

---

ஆலங்கொல்லை
மார்கழி 3

அண்ணிக்கு எல்லையம்மாள் எழுதுவது. அண்ணனுக்குத் தேவலை என்று அறிந்து சந்தோஷம். உங்களுக்குப் பிரஷர் என்கிறீர்களே, அலைச்சலைக் குறைத்துக்கொள்ளவும்.

உங்கள் கடிதத்தை அடிபம்படியில் படித்தேன். காத்தான் பெண்டாட்டி தங்கம்மாள் மட்டும் "சந்தோஷம்" என்றாள். அப்புறம் எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பண்ணை அந்த அடிபம்பையும் பிடுங்கிவிட்டார். தோப்புக்குப் பம்பு எதற்கு என்றாராம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் கம்பிவேலி அடித்து முளைக்குச்சி நட்டிருக்கிறார். தங்கம்மாள் நிறைமாதம், வேலிக்கு அடியில் தவழ்ந்துதான் வெளிக்குப் போய் வருகிறாள். தாசில்தாரிடம் போனோம். "உங்காளுதான் எம்.பி.யா இருக்காரே, அவரைக் கேளுங்க" என்று சிரித்தார். இராஜாங்கம் அண்ணனிடம் போனோம். "இது நம்ம கட்சிக்கு உறுதியான தொகுதிப்பா, எங்க போயிடப் போவுது. சென்னையில இதையெல்லாம் கண்டுக்க மாட்டாங்க" என்றார்.

அண்ணனுக்கு ஆசையாக இருக்கும் என்று தெரு கூடி ஒரு டின் அனுப்பியிருக்கிறது. வீட்டுக்கு வீடு நெல் போட்டார்கள். காத்தான் வீட்டிலும் போட்டார்கள். வாளை, சுறா, உப்பு நார்த்தங்காய் எல்லாம் இருக்கிறது. இராஜாங்கம் அண்ணன் கொண்டுவந்து தருவார்.

அண்ணனுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுதவும்.

எல்லையம்மாள்

---

புதுடெல்லி
5-1-74

எல்லம்மா,

சுகம் விசாரிக்க எனக்கு மனசில்லை. நேராகவே கேட்கிறேன். உப்பு அவருக்கு விஷம் என்று நான் எழுதினேனா இல்லையா? அதை நீதானே தெருவுக்கே படித்தாய்? பொம்பளைகள் வாயில் அடித்துக்கொண்டார்கள் என்று நீதானே எழுதினாய்? அப்புறம் எந்தக் கையால் அந்த டின்னை மூடினாய்?

இராஜாங்கம் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். டின்னைப் பரணில் பழைய பேப்பருக்கு அடியில் ஒளித்தேன். உன் அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது, மூக்கு மங்கவில்லையே! நான் கோதுமை வாங்கக் கியூவில் நின்றபோது ஸ்டூல் போட்டு ஏறி எடுத்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் நார்த்தங்காயைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி முழிக்கிறார். "தெரு அனுப்பிச்சது நீலா. வேண்டாங்க முடியுமா?" என்றார். மிச்சத்தை நான் சாக்கடையில் கொட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மறுபடியும் வீங்கிவிட்டது. இந்தத் தடவை முகமும் வீங்கியிருக்கிறது. தெருவுக்குச் சொல், இனி ஒரு டின் வந்தால் இராஜாங்கத்தை வாசலிலேயே நிறுத்திப் போலீசைக் கூப்பிடுவேன்.

நீலாம்பாள்

---

ஆலங்கொல்லை
தை 25

அண்ணிக்கு எல்லையம்மாள் எழுதுவது. உங்களுக்கும் அண்ணனுக்கும் மாரியம்மன் துணை.

அறுப்பு முடிந்தது. கடைசிக் கட்டைக் களத்தில் போட்டுவிட்டு வந்தோம், வரும்போதே நம் தெருவின் வடக்குச் சாரியில் கூரை பிரிக்கிற சத்தம் கேட்டது. பண்ணை வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்திருந்தார். இவர் போய் மறித்தார், உலக்கையால் மண்டையில் அடித்துவிட்டார்கள். தையல் போட்டுப் படுத்திருக்கிறார், என்னைப் பார்த்து யார் என்று கேட்கிறார். தங்கம்மாள் வரப்பில் பிள்ளை பெற்றாள். பனியில் பிள்ளை தங்கவில்லை. காத்தான் அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். நான் என்ன சொல்வேன் அண்ணி?

தெற்குச் சாரி மட்டும் இன்னும் நிற்கிறது. உளுந்து எடுக்கும்வரை அதற்குத் தவணை. நம் வீட்டுச் சமையல்கட்டுச் சுவரை மட்டும் ஒரு அடையாளத்துக்கு இடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அண்ணனுக்கு முகத்திலும் வீக்கம் என்று எழுதியிருந்தீர்கள். எழுந்து உட்கார முடிகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? டாக்டர் என்ன சொல்கிறார்? தெருவில் தினமும் கேட்கிறார்கள். மெம்பர் இடம் காலியானால் சும்மா விட மாட்டார்கள், கட்டாயம் தேர்தல் வைப்பார்கள் என்று இராஜாங்கம் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னது.

இந்தத் தடவை டின்னை அண்ணன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

எல்லையம்மாள்

---

புதுடெல்லி
20-2-74

அன்புத் தங்கச்சி எல்லம்மாவுக்கு,

அண்ணன் உத்திராபதி எழுதுகிறேன். உன் வீட்டுக்காரருக்குத் தலைக் காயம் ஆறி நினைவு திரும்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும், விரலும் வீங்கிவிட்டது. உன் அண்ணி மருந்து வாங்கப் போயிருக்கிறாள், அதற்குள் முடிக்க வேண்டும்.

டின் என் கைக்கே வந்தது. இராஜாங்கம் உன் அண்ணியை வாசலில் பேச வைத்துவிட்டு, கூட வந்த பையனை விட்டு அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். கட்சியில் இத்தனை வருஷம் அவன் எனக்காகச் செய்த ஒரே வேலை அதுதான். வாளை நல்ல வாளை. நாகம்மாளிடம்தானே வாங்கினாய்? அவள் மணலில் போட மாட்டாள், பாயில்தான் காயவைப்பாள். கடித்தாலே தெரிகிறது.

எனக்கு விஷயம் புரியாது என்று நினைக்காதே. பச்சைப் பிள்ளையா நான்? கோபம் இல்லை என்று சொன்னால் பொய். போன டின்னைப் பார்த்த அன்றே புரிந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். இந்தத் தெருவிலிருந்து ஒருத்தன் டெல்லிக்குப் போகிறான் என்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் காத்தான். அவன் வீட்டு நெல்லும் அந்த டின்னில் இருந்தது என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. அப்புறம் நீ எழுதியதைப் படித்தேன், துண்டில் சுற்றி எடுத்து வந்தானே, அதை. அதற்குமேல் கோபப்பட முடியவில்லை.

ராஜினாமா செய்து பார்க்கலாம் என்று கட்சியில் கேட்டேன். "ராஜினாமா பண்ணினால் கெட்ட பேர்தான் வரும். எதிர்க்கட்சிக்காரன் புகுந்துவிடுவான். உங்க ஊருக்கு ஒரு செங்கல்கூட வராது, சும்மா இருங்க" என்றார்கள். செத்தால்தான் அனுதாபமாம். என் பேச்சுக்கு இங்கேயும் மதிப்பில்லை, அங்கேயும் மதிப்பில்லை. உடம்புக்குத்தான் ஏதோ மதிப்பு இருக்கிறது போல.

என் உடம்பை விசாரித்து எழுதுகிறாயே, ஒரு தடவையாவது 'அண்ணே, சாப்பிடாதே' என்று எழுதக் கூடாதா? எழுதினால் நிறுத்தியிருப்பேன் என்று சொல்லவில்லை. படிக்க நன்றாக இருந்திருக்கும்.

அண்ணி வருகிற செருப்புச் சத்தம் கேட்கிறது.

உன் அண்ணன்

---

ஆலங்கொல்லை
பங்குனி 14

அண்ணிக்கு எல்லையம்மாள் அழுதுகொண்டு எழுதுவது. கருமாதி முடிந்து நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ரயில் ஏறிவிட்டீர்கள். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அண்ணன் போன பிறகு தனியாக அங்கே என்ன செய்கிறீர்கள்?

நீங்கள் அழுதுகொண்டிருந்ததால் பார்த்திருக்க மாட்டீர்கள். அண்ணன் உடம்பு ஊருக்கு வருவதற்கு முன்னாலேயே தெருவுக்குச் செம்மண் ரோடு வந்துவிட்டது. மந்திரி கார் வர வேண்டும் என்று போட்டார்கள். கலெக்டர் அந்த வேலிக் கம்பியைத் தன் முன்னாலேயே அறுக்கச் சொன்னார். இரங்கல் கூட்டத்தில் துரைராசு மைக்கைப் பிடித்துக்கொண்டு "உத்திராபதி எங்க வூட்டுப் புள்ள மாதிரி" என்று அழுதார். சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை. அடிபம்பும் திரும்ப வந்துவிட்டது. தேர்தல் வரப் போகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மந்திரி அடுத்த மாதம் வந்து பட்டா கொடுப்பாராம்.

நீங்களே நிற்க வேண்டும் என்று கட்சி கேட்கப் போகிறதாம். தெருவும் அதைத்தான் சொல்கிறது. மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள் அண்ணி.

எல்லையம்மாள்

---

புதுடெல்லி
18-4-74

எல்லம்மா,

நன்றாக இரு. வேறு என்ன சொல்வது!

முதல் டின் பாசம். அதை நான் யாரிடமும் சத்தியம் செய்து சொல்வேன். இரண்டாவது டின் தெரு அனுப்பியது, நீ வாயை மூடிக்கொண்டாய். மூன்றாவது டின் நீ அனுப்பியது. விளக்குமாற்றோடு காத்தான்மேல் பாய்ந்தவள் நீதானே? அவனாவது மனசில் இருந்ததை வாயால் சொன்னான். நீ உடம்பு எப்படி, உடம்பு எப்படி என்று கேட்டுக்கொண்டே கூடப் பிறந்தவனைக் கொன்றாய். அந்த டின்னை முடித்துவிட்டுத்தான் அவர் போனார். மூச்சு வாங்கும்போதும் கை கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

தேர்தலில் நிற்கிறேன். உங்களுக்காக இல்லை. போவதற்கு முந்தின நாள் அவர், "தேர்தல் வச்சா நீயே நில்லு நீலா. என் சாவை வேற எவனும் வித்துத் திங்க வேணாம்" என்றார். அதற்காக நிற்கிறேன். ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கும் வருவேன். ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக் கும்பிடுவேன், சிரிப்பேன், காத்தானையும் தங்கம்மாளையும் கட்டிக்கொள்வேன். உன் வீட்டில் மட்டும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டேன். ஏன் என்று கேட்டால், பிரஷர் ஏறிக் கிடக்கிறது, கண்ட இடத்தில் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொன்னார் என்பேன். அது பொய்யும் இல்லை.

நீலாம்பாள்

---

ஆலங்கொல்லை
ஆனந்த வருஷம், ஆவணி 3

மெம்பர் அண்ணிக்கு எல்லையம்மாள் கும்பிட்டு எழுதுவது. இவருக்கு இன்னும் நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது. நாற்றுப் பறிக்க நான்தான் போகிறேன். நீங்கள் ஜெயித்த அன்று தெருவில் வெடி போட்டோம், டெல்லிக்குக் கேட்டிருக்காது.

நீங்கள் என்னைத் திட்டி எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை. அந்தக் கடிதத்தை மட்டும் நான் தெருவில் படிக்கவில்லை. அண்ணன் தன் கையால் எழுதியதையும் படிக்கவில்லை. இரண்டும் கூரை இறவாணத்தில் செருகி இருக்கின்றன. இனிமேல் இறவாணம் இருக்குமா என்பதுதான் தெரியவில்லை.

மந்திரி பட்டா கொடுத்த அன்று நீங்களும் மேடையில் இருந்தீர்கள். வடக்குச் சாரியைக் கூப்பிட்டுக் கொடுத்து முடித்தார்கள். இடிந்த வீடுகளுக்கு முதலில் என்றார்கள், அது நியாயம்தான். அன்று சாயங்காலமே தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். தேதி அறிவித்துவிட்டால் எதுவும் கொடுக்கக் கூடாதாம். தெற்குச் சாரிக்கு ஓட்டுப் போட்ட பிறகு என்றார் மந்திரி. ஓட்டுப் போட்டோம். அதற்குப் பிறகு மந்திரியும் வரவில்லை, கலெக்டரும் வரவில்லை. லைட்டுக் கம்பம் நிற்கிறது, கம்பி இழுக்கவில்லை. காத்தான் வடக்குச் சாரி, அவனுக்குப் பட்டா வந்துவிட்டது. அவன் இப்போது எங்களோடு பேசுவதில்லை.

அண்ணன் பிறந்த வீடு தெற்குச் சாரிதானே. பண்ணை துரைராசு மறுபடியும் முளைக்குச்சி நட்டுவிட்டார். சம்பா அறுப்பு வரைக்கும் தவணை.

நீங்கள் மனுமேல் மனுவாகப் போடுகிறீர்கள் என்று இராஜாங்கம் அண்ணன் சொன்னார். அண்ணனும் போட்டார். இது உறுதியான தொகுதி, நடுவில் ஏதாவது வந்தால்தான் உண்டு என்கிறார். தெற்குச் சாரிக்காரர்கள் மட்டும் கூடிப் பேசினோம். வீட்டுக்கு வீடு நெல் போட்டோம். என் வீட்டிலிருந்தும் போட்டேன், மறைக்கவில்லை. வாளை கிடைக்கவில்லை, சுறாதான். நாகம்மாள் புது உப்பு என்றாள், கொஞ்சம் தூக்கலாக இருக்கும். டின்னை இராஜாங்கம் அண்ணன் கொண்டுவருகிறார்.

அண்ணே, சாப்பிடாதே என்று ஒரு தடவையாவது எழுதக் கூடாதா என்று அண்ணன் கேட்டிருந்தார். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். சாப்பிடாதீர்கள் அண்ணி. எழுதிவிட்டேன்.

பிரஷர் இப்போது எவ்வளவு இருக்கிறது? கால் வீங்குகிறதா? மறக்காமல் எழுதவும். தெற்குச் சாரி முழுக்கக் கேட்கச் சொன்னது.

எல்லையம்மாள்